புல்லின் உயரம்

நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை.
செப்டம்பர் பத்து, செவ்வாய், மாலை ஏழு மணி,
நூலகத்தின் பின்னறை.
வழக்கமாக நான்கு பேர் வருவார்கள்.
அன்று நாற்காலி போதாமல்
குழந்தைகள் பகுதியிலிருந்து குட்டி முக்காலிகளை எடுத்து வந்தோம்.
முழங்கால் மோவாயில் இடிக்க அதில் உட்கார்ந்து
வளர்ந்தவர்கள் ஒரு மனிதனைப் பற்றிப் பேசினார்கள்,
பெயர் சொல்லாமல்:
இருபத்தாறாம் எண் வீடு.

எங்கள் விதிப்புத்தகம் நாற்பத்தெட்டுப் பக்கம்.
வேலி நான்கடிக்கு மேல் கூடாது.
கதவுக்கு எட்டு நிறம்; எட்டும் சாம்பலுக்குச் சொந்தம்.
வியாழன் இரவு தாண்டிக் குப்பைத்தொட்டி வாசலில் நின்றால்
பதினைந்து டாலர்.
தொழில் கூட்டாளியைச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு,
ஜாமீனில் வந்து,
கணுக்காலில் கருப்புப் பட்டையோடு
வீட்டுக்குள் இருக்கும் ஒருவனுக்கு
அதில் பக்கமே இல்லை.

நீச்சல்குளச் சாவியை முடக்குங்கள் என்றார் ரோஜர் வான்ஸீ.
அவன் குளத்துக்குப் போக முடியாது,
நீதிமன்றமே பூட்டியிருக்கிறது என்றேன்.
இருந்தாலும் முடக்குங்கள் என்றார்.
வீட்டு விலை சரியும் என்று கத்தினார்
வீட்டை விற்கும் எண்ணமே இல்லாத ஒருவர்.
வக்கீலின் பதிலை வாசித்தேன். இரண்டு வரி,
கட்டணம் முந்நூற்று நாற்பது டாலர்:
தீர்ப்பு வரும்வரை அவர் உங்கள் அண்டை வீட்டார்.
சந்தா கட்டுகிறாரா என்று மட்டும் பாருங்கள்.
கட்டியிருந்தான்.
கெடுவுக்கு ஒரு நாள் முன்பே.

அப்போதுதான் யாரோ புல்லைக் கண்டுபிடித்தார்கள்.
ஆறு அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் அபராதம்.
அது இருக்கிறது, பக்கம் பதினொன்று.
அறை முழுக்க மூச்சு விட்டது.
கொலையைத் தொட அதிகாரமில்லாத கைகளுக்குப்
பிடித்துக்கொள்ள ஒரு புல் கிடைத்தது.

மறுநாள் அளவுகோலோடு போனேன்.
வீட்டை ஒட்டிய புல் சீவி வாரியதுபோல் இருந்தது.
தெருவோரம் ஐந்தடி அகலத்துக்கு மட்டும்
ஒன்பது அங்குலம்.
இரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்ததுபோல் ஓர் எல்லை.
புரிய வெகுநேரம் ஆயிற்று எனக்கு.
பட்டை அலறாமல் அவன் வந்துபோகக்கூடிய பூமி
அங்கே முடிகிறது.
ஜன்னல் திரை அசைந்தது.
நான் கையசைக்கவில்லை.
குறிப்பில் இதை எழுதவில்லை.
போன வாரம் என் பின்கதவுக்கு
இன்னொரு தாழ்ப்பாள் வாங்கியதையும் எழுதவில்லை.

அக்டோபர் கூட்டத்துக்கு கொலீன் டோஸ்டல் வந்தாள்.
செத்தவனின் மனைவி.
நாற்பத்தொன்றாம் எண்; அவளும் சந்தா கட்டுகிறவள்தான்.
அவளுக்காகக் கோபப்பட நாங்கள் எல்லோரும்
தயாராக வந்திருந்தோம்.
அவள் கோட்டைக் கழற்றாமலே பேசினாள்.
நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டோம்.
அதனால் தபால்பெட்டி ஏழு அவர்களுக்கு, எட்டு எங்களுக்கு.
அவன் வந்து எடுப்பதில்லை; பெட்டி நிரம்பிவிட்டது.
புதுத் தபால்காரர் மிச்சத்தை என்னுடையதில் திணிக்கிறார்.
நேற்று அவன் வக்கீலின் கடிதம் என் கையில் இருந்தது.
எனக்கு வேறு பெட்டி கிடைக்குமா?

ரோஜர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்,
முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால்.
பெட்டி தபால் துறையுடையது என்றார்.
அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

குறிப்பு: பெட்டி எண் எட்டு குறித்து
செயலாளர் தபால் துறைக்கு எழுதுவார்.
ஏகமனதாக ஏற்கப்பட்டது.
குறிப்பு: இருபத்தாறாம் எண், புல், ஐம்பது டாலர்.
ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு.
அந்த இரண்டில் ஒன்று நான்.
அதற்கு மேல் நான் எதுவும் செய்துவிடவில்லை.

விசாரணை ஏப்ரலில்.
அயோவாவில் நவம்பரிலேயே பனி கொட்டும்,
புல் பிரச்சினை தானாகத் தீரும்.
ஆனால் பக்கம் பன்னிரண்டு சொல்கிறது:
பனி நின்ற இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்
வீட்டுக்காரரே நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும்.
நடைபாதை
அந்த ஐந்தடிக்குள்தான் இருக்கிறது.